கதவில் எழுதியதும் கைப்பேசியில் எழுதியதும்

உயர்கல்வி வளாகம் ஒன்றில் ஒரு தலித் மாணவரோ பழங்குடி மாணவரோ உயிரிழந்தால், இரண்டே நாட்களில் ஒரு சொல் வந்து சேர்ந்துவிடும். மனச்சோர்வு. "அவருக்கு டிப்ரஷன் இருந்ததாம்." "படிப்புச் சுமையைத் தாங்க முடியவில்லையாம்." முதலில் நிர்வாகம் சொல்லும், பிறகு விசாரணைக் குழு சொல்லும், கடைசியில் ஊரே சொல்லும். அந்தச் சொல் வந்ததும் கேள்விகள் நின்றுவிடும். நோய்தான் காரணம் என்றால், பதில் சொல்ல வேண்டியவர் யாரும் இல்லையே!

தோழர்களே, நாம் அந்தச் சொல்லை மறுக்கப் போவதில்லை. மனச்சோர்வு உண்மையான நோய். அதற்கு மருத்துவம் உண்டு, அது குணமாகும். ஆனால் நோய்க்கும் ஒரு வரலாறு உண்டு. ஆலைக் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "அவருக்கு வயிற்றுப்போக்கு, அதனால் ஆலைக்குச் சம்பந்தமில்லை" என்று யாரும் சொல்வதில்லை. மாணவரின் மனச்சோர்வு மட்டும் ஏன் நிர்வாகத்துக்கு விடுதலைப் பத்திரமாகிறது?

சாதியக் கொடுமை உடலிலும் மனதிலும் விட்டுச் செல்லும் தடயமே இந்த மனச்சோர்வு என்பதுதான் இக்கட்டுரை சொல்ல வரும் ஒரே செய்தி. இன்று அந்தக் கொடுமை கைப்பேசி வழியாகவும் நடக்கிறது. "சும்மா கலாய்ச்சோம்" என்கிறார்கள். அந்தக் கலாய்ப்பு எங்கே தொடங்கியது, எப்படிக் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

ஒளிந்து படித்த காலம்

ரெட்டைமலை சீனிவாசன் 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தன்வரலாற்றை வெளியிட்டார். அளவில் சிறிய நூல். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். அங்கே சுமார் 400 மாணவர்கள் இருந்தார்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணர்கள். அவர்களோடு நட்பாகப் பழகினால் சாதி, குடும்பம், குடியிருக்கும் இடம் எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள். இந்த அச்சத்தால் அவர் பள்ளிக்கு வெளியே எங்காவது இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். வகுப்பு கலைந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பாராம். கூடி விளையாட முடியாத கொடுமையை நினைத்து மனம் கலங்கியதையும் எழுதியிருக்கிறார்.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இதில் யாரும் அவரை அடித்ததாகவோ பெயர் சொல்லி வைததாகவோ வரவில்லை. 'தெரிந்துவிடுமோ' என்ற அச்சம் ஒன்றே ஒரு மாணவனின் நாளைக் காலை மணி முதல் மாலை மணி வரை ஆட்டிப் படைத்திருக்கிறது. ஓயாத எச்சரிக்கை, தனிமை, கலக்கம். இன்று மனநல மருத்துவர் முன்னால் உட்காரும் மாணவர் சொல்லும் முதல் மூன்று செய்திகளும் பெரும்பாலும் இவையே.

நாங்கள் கல்லூரி மாணவர்களோடு பேசும்போது இதே ஒளிதல் வேறு உருவில் வருகிறது. வாட்ஸ்அப் முகப்பில் படம் கிடையாது. இன்ஸ்டாகிராமில் ஊர்ப் பெயர் கிடையாது. அம்பேத்கர் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும்போது வகுப்பு நண்பர்களுக்கு மட்டும் தெரியாதபடி மறைத்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப்பெயர் இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் கண்டுபிடிக்க நினைப்பவர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. "ஊர்ல எந்தத் தெரு?" "கட்-ஆஃப் எவ்வளவு?" "ஸ்காலர்ஷிப் வருதா?" உதவித்தொகை வாங்குவோர் பட்டியலைச் சாதிப் பிரிவோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும் கல்லூரிகளும் உண்டு. சீனிவாசனால் மணி அடிக்கும்வரை வெளியே நிற்க முடிந்தது. இன்றைய மாணவரால் அதுவும் முடியாது.

விடுதிக் கதவு

2006-இல் மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டதும், அதற்கு எதிரான போராட்டத்தின் மையமாக டெல்லி எய்ம்ஸ் மாறியது. அந்தச் சூழலில் அங்கே படித்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடமிருந்து துன்புறுத்தல் புகார்கள் வெளியே வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், அப்போதைய யுஜிசி தலைவர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007-இல் அறிக்கை வந்தது.

அறிக்கை காட்டிய படம் இது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் மற்ற பகுதிகளில் இருக்க முடியாமல் குறிப்பிட்ட விடுதிகளின் மேல்மாடிகளில் ஒதுங்கிக் கிடந்தார்கள். அறைக் கதவுகளில் வசை எழுதப்பட்டது. உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும் கலைவிழாக்களிலும் அவர்கள் தனித்து விடப்பட்டார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மதிப்பெண் நியாயமாக இல்லை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். எய்ம்ஸ் நிர்வாகம் அறிக்கையை ஏற்கவில்லை.

கதவில் எழுதுவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதியவர் யாரென்று தெரியாது. அந்த வழியே போகிற எல்லோரும் படிப்பார்கள். எழுதப்பட்டவர் தன் அறைக்குள் போவதற்கே அதைப் படித்தாக வேண்டும். புகார் கொடுத்தால், விசாரிக்க ஆள் வருவதற்குள் எழுத்து அழிந்திருக்கும். பெயர் மறைத்து எழுதும் வசதி, பார்வையாளர் கூட்டம், தப்ப முடியாத இடம் மூன்றும் அந்தக் கதவிலேயே இருந்தன. வளாகங்களின் பெயரால் நடக்கும் 'கன்ஃபெஷன்' பக்கங்களில் இன்று யாரோ ஒருவர் பெயர் போடாமல் 'கோட்டா' மீம் போடும்போது, அவர் கையில் இருப்பது அதே சாக்பீஸ்தான்.

ராகிங் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதது

வளாகத் துன்புறுத்தலுக்குச் சட்டமே இல்லாமல் இருக்கவில்லை. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2009-இல் இமாசலப் பிரதேச மருத்துவ மாணவர் அமன் கச்ரூவின் மரணத்துக்குப் பிறகு யுஜிசி நாடு முழுமைக்கும் ராகிங் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது. இன்று ஒவ்வொரு மாணவரும் சேரும்போது கையெழுத்திடும் உறுதிமொழி அங்கிருந்து வந்ததுதான்.

இந்தச் சட்டங்களின் கண்ணில் வளாகம் இரண்டாகத்தான் தெரிந்தது: சீனியர், ஜூனியர். முதலாண்டில் வதைபடுபவர் இரண்டாமாண்டில் தப்பித்துவிடுவார் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. சாதிக்கு அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. ஆராய்ச்சி மாணவரானாலும் பேராசிரியரானாலும் அது தொடரும். நிறம், சாதி, மதம், பாலினம், ஊர், மொழி, பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை வைத்துச் சீண்டுவதும் ஒதுக்கிவைப்பதும்கூட ராகிங்தான் என்று யுஜிசி தன் விதிமுறையைத் திருத்தியது 2016-இல்தான். தமிழ்நாட்டின் சட்டத்திலிருந்து எண்ணினால் 19 ஆண்டுகள்.

இடையில் 2012-இல் உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கென யுஜிசி தனி விதிமுறை கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்பு மையம் அமைக்க வேண்டும், பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? பெயர் தெரியுமா? பெரும்பாலான கூட்டங்களில் இந்தக் கேள்விக்கு எங்களுக்குக் கிடைக்கும் பதில் மௌனம்தான்.

முகநூல் பதிவிலிருந்து வெலிவாடாவரை

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை நாம் 2016-இலிருந்து மட்டும் நினைவில் வைத்திருக்கக் கூடாது. 2008-இல் அங்கே இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த சேலம் மாவட்டத்துச் செந்தில்குமார், ஆய்வு வழிகாட்டி ஒதுக்கப்படாத நிலையில் உயிரிழந்தார். அடுத்து ரோகித் வெமுலா. இவருடைய கதையில் இணையம் எங்கே வருகிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

2015 ஆகஸ்ட் தொடக்கத்தில் டெல்லியில் 'முசாஃபர்நகர் பாக்கி ஹை' ஆவணப்படத் திரையிடல் தடுக்கப்பட்டது. அதைக் கண்டித்து ஹைதராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் போராட்டம் நடத்தியது. எதிரணி மாணவர் தலைவர் ஒருவர், சங்கத்தினரைக் குண்டர்கள் என்று இழித்து முகநூலில் எழுதினார். அன்றிரவு சங்கத்தினர் அவருடைய அறைக்குப் போய்க் கேள்வி கேட்டார்கள். அவர் மன்னிப்பு எழுதிக்கொடுத்தார். பிறகு, தன்னைத் தாக்கியதாகப் புகார் செய்தார், சங்கம் மறுத்தது. அந்த மாதமே மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, மனிதவள அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்துக் கடிதங்கள் போயின. ரோகித் உள்ளிட்ட ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மாதாமாதம் வர வேண்டிய உதவித்தொகையும் ரோகித்துக்கு நின்றுபோயிருந்தது. ஐவரும் வளாகத்தின் கடைத்தெருப் பகுதியில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட தலித் குடியிருப்புக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் உயிரிழந்தார்.

ஒரு முகநூல் பதிவில் வந்த இழிசொல், ஐந்தே மாதத்தில் விடுதி அறையையும் உணவுப் பணத்தையும் பறித்துவிட்டது. இணையத்தில் நடப்பது வேறு, நிஜத்தில் நடப்பது வேறு என்று நம்புகிறவர்கள் இந்த வரிசையை இன்னொரு முறை படிக்க வேண்டும். திரையில் எழுதப்பட்ட சொல்லுக்குப் பின்னால் ஆட்சியும் நிர்வாகமும் வரிசையில் வந்து நின்றன. எதிர்ப்பக்கத்து மாணவருக்கு மன்னிப்புக் கடிதத்தோடு முடிய வேண்டிய தகராறு, இந்தப் பக்கத்து மாணவருக்கு வாழ்க்கைப் பிரச்சினையானது. சொல்லின் கனத்தைத் தீர்மானிப்பது அதற்குப் பின்னால் நிற்கும் அதிகாரம்.

பிறகு வந்தது விசாரணை. நீதிபதி ரூபன்வால் ஆணையத்தின் அறிக்கை 2017-இல் வெளியானது. ரோகித்தின் தனிப்பட்ட விரக்தியே காரணம், பல்கலைக்கழகத்தின் நடவடிக்கை காரணமல்ல என்றது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்தானா என்று ஆராய்வதற்கும் அந்த அறிக்கை பக்கங்களைச் செலவிட்டது. 2024-இல் காவல்துறை வழக்கை முடிக்கக் கொடுத்த அறிக்கையும் சாதிச் சான்றிதழைத்தான் கையில் எடுத்தது. எதிர்ப்பு எழுந்த பின் மீண்டும் விசாரிப்பதாகத் தெலங்கானா காவல்துறை அறிவித்தது. மகன் இறந்த துயரத்தோடு, மகனின் சாதியையும் நிரூபிக்க வேண்டிய சுமை ராதிகா வெமுலாவின் தலையில் ஏற்றப்பட்டது. சமூக ஊடகங்களில் அந்தத் தாயைப் பற்றி எழுதப்பட்டவற்றை நாம் இங்கே திருப்பி எழுதப் போவதில்லை.

வாட்ஸ்அப் குழு, ஜூம் வகுப்பு, ரேங்க்

2019 மே 22. மும்பை நாயர் மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவ முதுகலை படித்த பாயல் தட்வி உயிரிழந்தார். தட்வி பில் பழங்குடியைச் சேர்ந்தவர். மூன்று மூத்த மருத்துவர்கள் கைது செய்யப்பட்டார்கள். இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று இழிவுபடுத்தினார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் கேலி செய்தார்கள், அறுவை அரங்கில் வேலை செய்ய விடாமல் தடுத்தார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. தீர்ப்பு நீதிமன்றம் சொல்ல வேண்டியது. நாம் கவனிக்க வேண்டியது வாட்ஸ்அப் குழு என்ற இடத்தை. மருத்துவ மாணவர்களுக்கு அது பொழுதுபோக்கு இடமல்ல. பணிப்பட்டியல், நோயாளி விவரம், மூத்தவரின் உத்தரவு எல்லாம் அதில்தான் வரும். "பிடிக்கவில்லை என்றால் குழுவை விட்டு வெளியே வா" என்ற அறிவுரை அங்கே செல்லாது. வெளியே வந்தால் படிப்பே போய்விடும்.

அதே ஆண்டு ராதிகா வெமுலாவும் பாயலின் தாய் ஆபேதா தட்வியும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2012 விதிமுறையை நடைமுறைப்படுத்துங்கள் என்பதே கோரிக்கை. அந்த விதிமுறையைத் திருத்தி எழுதும் பேச்சு தொடங்கியதே இந்த இரு தாய்மார்களால்தான்.

2021 ஏப்ரலில், கொரோனா காலத்து இணைய வகுப்பு ஒன்றில் கரக்பூர் ஐஐடி இணைப் பேராசிரியர் ஒருவர், ஆயத்த வகுப்பில் படித்த பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களைத் திரையிலேயே வசைபாடினார். அந்தக் காணொளி வெளியே வந்தது. நாடே பார்த்தது. அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். வகுப்பறைச் சுவர்களுக்குள் நடந்திருந்தால் "அப்படிச் சொல்லவே இல்லை" என்று முடிந்திருக்கும். காணொளி இருந்ததால் மறுக்க முடியவில்லை. இதை நினைவில் வையுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

2023 பிப்ரவரி 12-இல் மும்பை ஐஐடியில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி உயிரிழந்தார். சாதி தெரிந்த பிறகு சக மாணவர்களின் போக்கு மாறியது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். சாதிப் பாகுபாட்டுக்கு நேரடி ஆதாரம் இல்லை, படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாம் என்றது கல்வி நிறுவனத்தின் விசாரணைக் குழு. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே வளாகத்தின் எஸ்சி எஸ்டி மாணவர் பிரிவு ஓர் ஆய்வு நடத்தியிருந்தது. பதில் சொன்ன 388 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர், தங்கள் சாதியைக் கண்டுபிடிக்கவே சக மாணவர்கள் நுழைவுத் தேர்வு ரேங்க்கைக் கேட்டதாகச் சொல்லியிருந்தார்கள். தர்ஷனின் மரணத்துக்குப் பிறகு, சக மாணவரிடம் ரேங்க்கையும் சாதியையும் கேட்காதீர்கள் என்று அந்த நிர்வாகமே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. கோயம்புத்தூரில் ஒரு சிறுவன் எந்தக் கேள்விக்குப் பயந்து மணி அடிக்கும்வரை வெளியே இருந்தானோ, அதே கேள்விக்கு இப்போது 'ரேங்க்' என்று பெயர்.

கைப்பேசி எதை மாற்றியது

இவ்வளவும் பழையதுதான் என்றால் இணையம் புதிதாக என்ன செய்தது? மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, நேரம். விடுதிக் கதவை விட்டு ஊருக்குப் போனால் நான்கு நாள் நிம்மதி. வீட்டுத் திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் கைப்பேசி அதிரும். தப்பிப் போவதற்கு ஊர் என்ற ஒன்று இல்லாமல் போனது.

இரண்டாவது, கூட்டம். கதவு எழுத்தை அந்த மாடியில் இருப்பவர்கள் படிப்பார்கள். ஒரு மீமை எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யார் சிரிப்புக் குறி போட்டார்கள் என்பது எண்ணிக்கையோடு தெரியும். நேற்றுவரை சேர்ந்து டீ குடித்தவரும் அந்தப் பட்டியலில் இருப்பார். எங்களிடம் பேசும் மாணவர்களை அதிகம் காயப்படுத்துவது எழுதியவரின் சொல்லைவிட, சும்மா இருந்த நண்பர்களின் மௌனம்.

மூன்றாவது, திரும்பத் திரும்பப் பார்ப்பது. நேரில் கேட்ட வசை காதோடு போகும். திரையில் வந்ததை இரவு இரண்டு மணிக்கும் எடுத்துப் படிக்கலாம். படிப்பார்கள். மனச்சோர்வு வேரூன்றும் இடம் இது. ஒரே நினைப்பை மனம் அரைத்துக்கொண்டே இருக்கும். தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் காலை வகுப்பு போகும். வகுப்பு போனால் மதிப்பெண் இறங்கும். மதிப்பெண் இறங்கியதும், "பார்த்தாயா, கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்ற அடுத்த மீம் வரும். துன்புறுத்தல் நோயை உண்டாக்குகிறது. நோய் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. குறைந்த மதிப்பெண் துன்புறுத்தலுக்கு நியாயமாகிறது. கடைசியில் விசாரணைக் குழு வந்து மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்த்து, "படிப்பில் பின்தங்கினார்" என்று எழுதுகிறது.

2018-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், 30 நாடுகளில் 25 வயதுக்கு உட்பட்ட 1,50,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளவோ தற்கொலைக்கு முயலவோ வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். இப்படிப்பட்டவர்கள் யாரிடமும் சொல்லி உதவி கேட்பதும் குறைவு. அந்த ஆய்வுகளில் சாதி என்ற கேள்வி இல்லை. பிறப்பால் வந்த இழிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமை கூடுமே தவிரக் குறையாது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

உயிரிழந்தவர்களை மட்டும் எண்ணுவதும் தவறு. 2023 டிசம்பரில் மத்திய அரசு மக்களவையில் தந்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து 13,626 பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் இடையில் நின்றிருக்கிறார்கள். எல்லோரும் துன்புறுத்தலால் போனார்கள் என்று நாம் சொல்லவில்லை. வேறு படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள் இருப்பார்கள். எத்தனை பேர் எதனால் போனார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

"எல்லோரையும்தான் கலாய்க்கிறார்கள்"

இது நம் நண்பர்களே சொல்லும் வாதம். இணையத்தில் குண்டாக இருப்பவரையும் கலாய்க்கிறார்கள், கறுப்பாக இருப்பவரையும் கலாய்க்கிறார்கள், சாதியை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

யாரை எதற்காகக் கேலி செய்தாலும் வலிக்கும். அதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் உடல் எடையைக் கேலி செய்பவர் விடுதி அறையைப் பூட்டுவதில்லை, உதவித்தொகையை நிறுத்துவதில்லை, ஆய்வு வழிகாட்டியைத் தர மறுப்பதில்லை. சாதிக் கேலிக்குப் பின்னால் ஊரின் நினைவு இருக்கிறது. அப்பாவை அதே சொல்லால் அழைத்தவர்களின் குரல் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது வெறும் மீம் இல்லை. "நீ இங்கே இருக்க வேண்டியவன் இல்லை" என்ற பழைய உத்தரவு.

இன்னொரு வாதம் எதிர்த்திசையிலிருந்து, நம் இயக்கத்துக்குள்ளிருந்தே வருகிறது. "மனநலம், கவுன்சலிங் என்பதெல்லாம் பிரச்சினையைத் தனிமனிதர் மேல் போடும் வேலை. நமக்குத் தேவை போராட்டம், மாத்திரை இல்லை." இந்தக் கோபத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் இதை ஏற்க முடியாது. கால் உடைந்த தோழருக்கு முதலில் கட்டுப்போடுவோம், பிறகு வழக்குப் போடுவோம். உடைந்தது மனம் என்றால் மட்டும் வழக்கு முடியும்வரை ஏன் காத்திருக்கச் சொல்கிறோம்? நோய்க்கு மருத்துவம், கொடுமைக்கு நீதி. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். 'மனச்சோர்வு' என்ற சொல்லை நிர்வாகத்திடமிருந்து பிடுங்கி, அதைச் சாட்சியமாக மாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.

அழிக்காதீர்கள்

கதவில் எழுதியதை அழித்துவிடலாம். கைப்பேசியில் எழுதியது தடயம் விட்டுப் போகும். கரக்பூர் காணொளி நமக்குச் சொன்னது அதுதான். எனவே சில செய்திகள்.

துன்புறுத்தும் பதிவு வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், எண் அல்லது கணக்கின் பெயர் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். முழு உரையாடலையும் சேமித்து, நம்பிக்கையான இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். கைப்பேசியை மாற்ற நேர்ந்தால் பழையதை விற்காதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சமர்ப்பிக்கச் சான்றிதழ் தேவைப்படும். அதற்கு அந்தக் கருவி உதவும். உங்களால் மீண்டும் அதைப் பார்க்க முடியவில்லை என்றால் நண்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆதாரத்தைக் காப்பதற்காக உங்கள் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதியை வைத்து இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கின்றன. இணையத்தில் பதிவேற்றப்பட்ட இழிசொல்லுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. மூடிய வாட்ஸ்அப் குழு 'பொதுமக்கள் பார்வை'க்குள் வருமா என்பது வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். அது வராவிட்டாலும் ராகிங் விதிமுறை இருக்கிறது. ஜூனியர்களைத் துன்புறுத்தச் சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களும் ராகிங்காகவே கருதப்படும் என்று 2025-இல் யுஜிசி தெளிவுபடுத்தியது. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.

வகுப்புக் குழுவில் உதவித்தொகைப் பட்டியலைச் சாதியோடு போட்டால், ஐந்து பேர் சேர்ந்து எழுத்தில் எதிர்ப்புத் தெரிவியுங்கள். தனியாக ஒருவர் கேட்டால் அவர் யாரென்று தெரிந்துவிடும். ஐந்து பேர் கேட்டால் அது கோரிக்கை. சம வாய்ப்பு மையம் எங்கே, அலுவலர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கல்லூரி மனநல ஆலோசகரிடம் போகும் மாணவர், நடந்த துன்புறுத்தலையும் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். "தூக்கமின்மை, படிப்பில் கவனமின்மை" என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பு நாளை நிர்வாகத்துக்குத்தான் உதவும்.

நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேலாக ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், பிடித்த எதிலும் ஆர்வமில்லாமல், குழுக்களில் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வருகிறது என்று சொன்னால் தனியே விடாதீர்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, தமிழ்நாட்டின் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். கூடப் போங்கள்.

அடுத்த முறை ஒரு குழுவில் 'கோட்டா' மீம் வந்து விழும்போது, அந்தக் குழுவில் இருக்கும் யாரோ ஒருவர் பதில் வருகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இதை எடுங்கள்" என்ற இரண்டு சொல் போதும். அதை முதலில் எழுதுகிறவர் நீங்களாக இருங்கள்.